ஆயிரம் வருஷ ஓக் மரமும் ஒளிச்சு வெச்ச டப்பாவும்

இன்னைக்கு எபிசோட் ஒரு கண்ணாடி பாட்டில்ல ஆரம்பிக்குது.

வருஷம் 1854. இடம், இங்கிலாந்தோட தென்மேற்குல டெவன் பகுதியில இருக்கிற டார்ட்மூர். ஷெர்லக் ஹோம்ஸ் படிச்சவங்களுக்கு ஞாபகம் இருக்கும், அந்த பாஸ்கர்வில் நாய் கதை நடக்கிற இடம் இதுதான். மரம் அதிகம் கிடையாது. கண்ணுக்கெட்டின வரைக்கும் புல்லும் பாறையும் சேறும்தான். திடீர்னு மூடுபனி இறங்கிச்சுன்னா வந்த வழியே தெரியாது.

இந்த டார்ட்மூரோட வடக்குப் பக்கம் க்ரான்மியர் பூல்னு ஒரு இடம் இருக்கு. பேருதான் குளம். உண்மையில அது சதுப்புக்கு நடுவுல இருக்கிற ஒரு பள்ளம். அங்க போறதுக்கு அந்தக் காலத்துல ஒழுங்கான பாதை கிடையாது, வழிகாட்டி இல்லாம போக முடியாது. சாக்ஃபோர்ட் ஊரைச் சேர்ந்த ஜேம்ஸ் பெரட் அப்படி ஒரு வழிகாட்டி. அவர் அந்தப் பள்ளத்துல கல்லைக் குவிச்சு, அதுக்குள்ள ஒரு பாட்டிலை வெச்சார். அவ்வளவு தூரம் நடந்து வர்றவங்க தங்களோட விசிட்டிங் கார்டை அதுல போட்டுட்டுப் போகலாம். "நானும் இங்க வந்தேன்"னு சொல்ற ஒரு சாட்சி.

அவர் செஞ்சது இவ்வளவுதான். ஆனா லெட்டர்பாக்ஸிங்னு இன்னைக்குப் பல நாடுகள்ல விளையாடற ஒரு விளையாட்டு அந்த பாட்டில்ல இருந்துதான் பிறந்தது.

பாட்டில் டப்பாவான கதை

பாட்டில் போய் தகர டப்பா வந்தது. அப்புறம் 1905ல கையெழுத்துப் போட ஒரு நோட்டுப் புத்தகம் வெச்சாங்க. 1921ல அன்னைக்கு வேல்ஸ் இளவரசரா இருந்த எட்டாம் எட்வர்டும் க்ரான்மியருக்கு வந்து போனார். 1937ல ஒரு உள்ளூர் செய்தித்தாள் நிதி திரட்டி அங்க கல்லாலேயே ஒரு பெட்டி கட்டிக் கொடுத்தது. அடுத்த வருஷம், டார்ட்மூரைப் பத்தி முக்கியமான வழிகாட்டிப் புத்தகம் எழுதின வில்லியம் க்ராஸிங் நினைவா டக்ஸ் பூல்ங்கிற இடத்துல இன்னொரு பெட்டி வந்தது.

"லெட்டர்பாக்ஸ்"ங்கிற பேருக்கு ஒரு அழகான காரணம் இருக்கு. வர்றவங்க தங்களோட முகவரியை எழுதி, தபால்தலை ஒட்டின ஒரு அஞ்சலட்டையைப் பெட்டிக்குள்ள விட்டுட்டுப் போவாங்க. அடுத்து வர்ற ஆள், யாரா இருந்தாலும், அதை எடுத்துக்கிட்டுப் போய் ஊர்ல தபால்ல சேர்க்கணும். ஒரு வாரத்துல வரலாம், மூணு மாசத்துலயும் வரலாம். முன்பின் தெரியாத ஒருத்தரை நம்பி கடிதத்தை விட்டுட்டு வர்றீங்க. அது வீடு வந்து சேர்ந்தா, உங்களுக்குப் பின்னாடி இன்னொருத்தரும் அந்தச் சதுப்பைத் தாண்டியிருக்கார்னு அர்த்தம்.

பிறகு ரப்பர் ஸ்டாம்ப் வந்தது. இன்னைக்கு நடைமுறை என்னன்னா, தண்ணி புகாத ஒரு சின்ன டப்பா. உள்ள ஒரு ஸ்டாம்ப், ஒரு நோட்டு. தேடி வர்றவங்க கையிலயும் ஒரு ஸ்டாம்ப், ஒரு நோட்டு. டப்பாவுல இருக்கிற ஸ்டாம்பை உங்க நோட்டுல குத்திக்கணும், உங்க ஸ்டாம்பை டப்பாவோட நோட்டுல குத்தணும். நிறைய பேர் சாதாரண அழிரப்பரைச் செதுக்கி தாங்களே ஸ்டாம்ப் செய்வாங்க. பேருக்குப் பதிலா ஒரு புனைபெயர். பரிசு எதுவும் கிடையாது. எல்லாம் முடிஞ்சதும் டப்பாவை இருந்த இடத்துலயே, இருந்த மாதிரியே ஒளிச்சு வெச்சிட்டுக் கிளம்பணும்.

இங்க ஒரு விஷயத்தைக் கவனிங்க. 1970கள் வரைக்கும் டார்ட்மூர் முழுக்க ஒரு டஜன் பெட்டிக்கு மேல இல்லை. நூறு வருஷத்துக்கு மேல இது சில பேருக்கு மட்டும் தெரிஞ்ச பழக்கமா இருந்திருக்கு. அதுக்கப்புறம் எண்ணிக்கை எகிறி ஆயிரக்கணக்குல போயிடுச்சு. கூடவே பிரச்சினையும் வந்தது. டார்ட்மூர் வெறும் புல்வெளி இல்லை, வெண்கலக் காலத்துக் கல் வட்டங்களும் குடியிருப்புத் தடங்களும் நிறைஞ்ச இடம். அங்க பெட்டி வைக்கிறேன்னு கல்லைப் புரட்டினா, நாலாயிரம் வருஷத்துக்கு முன்னாடி யாரோ அடுக்கின வரிசை கலைஞ்சிடும். அதனால விளையாடறவங்களே சில விதிகளை ஏத்துக்கிட்டாங்க. தொல்சின்னங்கள்ல பெட்டி வைக்கக் கூடாது. சிமெண்ட் போட்டுக் கட்டக் கூடாது.

இந்த இடத்துலதான் இன்னைக்கு எபிசோடோட கேள்வி வருது. ஒரு இடத்தை நாலு பேர் வந்து பார்க்கணும்னு ஆசைப்படறோம். நாலு பேர் நாப்பதாயிரம் பேரா ஆனா அந்த இடம் தாங்குமா?

அட்லாண்டிக்கைத் தாண்டி

1998 ஏப்ரல்ல ஸ்மித்ஸோனியன் பத்திரிகையில டார்ட்மூர் லெட்டர்பாக்ஸிங் பத்தி ஒரு கட்டுரை வந்தது. அதைப் படிச்ச அமெரிக்கர்கள் இணையத்துல ஒருத்தரை ஒருத்தர் கண்டுபிடிச்சு, தங்க ஊர்ப் பூங்காவுல டப்பா ஒளிக்க ஆரம்பிச்சாங்க. துப்பு எழுதி இணையத்துல போட்டாங்க.

ரெண்டே வருஷத்துல இன்னொண்ணு நடந்தது. 2000 மே மாசம் வரைக்கும் பொதுமக்களுக்குக் கிடைச்ச ஜிபிஎஸ் சிக்னல்ல அமெரிக்க ராணுவம் வேணும்னே ஒரு பிழையைக் கலந்து வெச்சிருந்தது. நீங்க நிக்கிற இடத்தை ஏறக்குறைய 100 மீட்டர் தள்ளிக் காட்டும். மே 2ஆம் தேதி அதை நிறுத்தினாங்க. மறுநாளே ஆரிகன் மாநிலத்துல ஒருத்தர் ஒரு வாளியைக் காட்டுல வெச்சு, அதோட அட்சரேகை, தீர்க்கரேகையை இணையத்துல போட்டார். அதுதான் ஜியோகேஷிங்கோட தொடக்கம்.

ஒரு எஞ்சினியரா எனக்கு இந்த ரெண்டு விளையாட்டுக்கும் இருக்கிற வித்தியாசம் ரொம்ப சுவாரஸ்யமா தெரியுது. ஜியோகேஷிங்ல உங்களுக்குக் கிடைக்கிறது முகவரி, ரெண்டு எண்கள். ஃபோன் கூட்டிட்டுப் போயிடும். லெட்டர்பாக்ஸிங்ல கிடைக்கிறது துப்பு. "கடலுக்கு முதுகைக் காட்டி நில்லு, சாய்ஞ்ச மரத்துல இருந்து முப்பது அடி எண்ணு"ங்கிற மாதிரி. அந்த இடத்தைக் கண்ணால பார்த்தாதான் அது புரியும். எது சாய்ஞ்ச மரம், எந்தப் பக்கம் கடல்னு யோசிக்கிறதுக்குள்ள நீங்க அந்த இடத்தை உண்மையிலேயே பார்த்துடறீங்க.

டெக்ஸஸ் கடலோரத்து மரம்

இப்ப டெக்ஸஸ் போவோம். மெக்ஸிகோ வளைகுடா ஓரமா ராக்போர்ட்னு ஒரு ஊர். பக்கத்துல லாமர், அங்க கூஸ் ஐலண்ட் மாநிலப் பூங்கா. 1930கள்ல, பொருளாதார வீழ்ச்சிக் காலத்துல, வேலையில்லாத இளைஞர்களுக்கு அரசாங்கம் வேலை கொடுத்த சிசிசி திட்டத்துல கட்டின பூங்கா. சின்னதுதான், ஏறக்குறைய 320 ஏக்கர். துப்பு எழுதறவங்களுக்கு வேண்டிய எல்லாம் இந்த மாதிரி இடத்துல இருக்கும். ஒரு பக்கம் விரிகுடா, ஒரு பக்கம் சதுப்பு, நடுவுல காத்துக்கு வளைஞ்சு நிக்கிற லைவ் ஓக் மரங்கள். ஒவ்வொண்ணும் ஒவ்வொரு கோணத்துல சாய்ஞ்சிருக்கும்.

அதுல ஒரு மரத்துக்கு மட்டும் பேரு "பிக் ட்ரீ". பெரிய மரம், அவ்வளவுதான் பேரு. அடிமரச் சுற்றளவு 35 அடி. உயரம் 44 அடிதான், ஆனா கிளை 89 அடிக்குப் பரவியிருக்கு. வயசு ஆயிரத்துக்கு மேலன்னு பூங்காத் துறை மதிப்பிடுது. ஆயிரம்னா, தஞ்சாவூர்ப் பெரிய கோயில் கட்டி முடிச்ச காலத்துல இது ஏற்கெனவே ஒரு கன்றா இருந்திருக்கலாம். 1969ல டெக்ஸஸ் மாநிலத்திலேயே பெரிய லைவ் ஓக்னு பட்டம் கிடைச்சது. 2003ல வேற ஒரு மாவட்டத்துல இதைவிடப் பெரிய மரம் கண்டுபிடிச்சதும் அந்தப் பட்டம் போயிடுச்சு.

லைவ் ஓக் இவ்வளவு காலம் வெட்டுப்படாம நிக்கிறது சாதாரணம் இல்லைங்க. கனமான, வளைஞ்ச, உறுதியான கட்டை. கப்பலோட வளைவான உள்சட்டத்துக்கு அப்படியே பொருந்தும். 1797ல தண்ணியில இறக்கின யுஎஸ்எஸ் கான்ஸ்டிட்யூஷன் போர்க்கப்பலோட சட்டம் ஜார்ஜியா கடலோரத்துல வெட்டின லைவ் ஓக்தான். 1812 போர்ல பீரங்கிக் குண்டு பட்டுத் தெறிச்சதால அதுக்கு "இரும்புப் பக்கம்"னு பட்டப்பேரே வந்தது. 1828ல அமெரிக்கக் கடற்படைக்காகவே ஃப்ளோரிடாவுல லைவ் ஓக் காடு ஒண்ணை ஒதுக்கி வெச்சாங்க. அவ்வளவு கிராக்கி.

இந்த மரம் நிக்கிற கடலோரம் கரான்காவா மக்களோட மண். வெள்ளைக் குடியேறிகள் வந்தப்புறம் சண்டை, நோய், துரத்தல். பத்தொன்பதாம் நூற்றாண்டு நடுவுலயே "கரான்காவா இனம் அழிஞ்சுபோச்சு"ன்னு புத்தகங்கள் எழுதிட்டுப் போயிட்டாங்க. இன்னைக்கு அவங்க வம்சாவளியைச் சேர்ந்தவங்க, "நாங்க அழியலை, இங்கதான் இருக்கோம்"னு வெளிப்படையா சொல்லி, மொழியையும் சடங்கையும் மீட்டுக்கிட்டு இருக்காங்க. 1864ல, உள்நாட்டுப் போர்ல, வடக்குப் படையோட கப்பல்கள் லாமர் ஊரையே சுட்டு நாசமாக்கின. மரம் தப்பிச்சது. 2017 ஆகஸ்ட் 25 ராத்திரி ஹார்வி புயல் ராக்போர்ட் பக்கமா கரை ஏறினப்ப காத்தோட வேகம் மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல. ஊர்ல கூரை பறந்தது, பூங்காவுல இளைய மரங்கள் சாய்ஞ்சது. பிக் ட்ரீ நின்னுச்சு.

முகவரி தெரியாத பறவை

இந்த மரத்துக்குப் பக்கத்து வயல்கள்ல குளிர்காலத்துல ஒரு பறவை இறங்கும். ஹூப்பிங் கிரேன். நம்ம கொக்கு சாதி, ஆனா ஆள் உயரத்துக்குக் கொஞ்சம்தான் கம்மி, ஏறக்குறைய 5 அடி. வெள்ளை உடம்பு, கறுப்பு இறக்கை நுனி, உச்சந்தலையில சிவப்பு. வட அமெரிக்காவுலயே உயரமான பறவை.

வேட்டையும், சதுப்பை வடிச்சு விளைநிலம் ஆக்கினதும் சேர்ந்து இதைக் கிட்டத்தட்ட முடிச்சிடுச்சு. 1937 கடைசியில விரிகுடாவுக்கு எதிர்ப்பக்கம் ஆரன்ஸஸ் சரணாலயத்தை உருவாக்கினாங்க. 1941ல எண்ணிப் பார்த்தப்ப காட்டுல மிச்சம் இருந்தது இருபத்துச் சொச்சம் பறவைதான்.

குளிர்காலத்துல எங்க இருக்குன்னு தெரியும். ஆனா வசந்தத்துல வடக்கே பறந்து போய் எங்க முட்டையிடுதுன்னு யாருக்கும் தெரியலை. கூடு இருக்கிற இடம் தெரியாம எப்படிக் காப்பாத்த முடியும்? ஆடுபான் சொசைட்டியைச் சேர்ந்த ராபர்ட் போர்ட்டர் ஆலன் வருஷக்கணக்கா கனடாவோட வடபகுதியில விமானத்துல சுத்தித் தேடினார். கிடைக்கலை. கடைசியில 1954 ஜூன்ல, காட்டுத்தீயைப் பார்த்துட்டுத் திரும்பின ஒரு ஹெலிகாப்டர்ல இருந்தவங்க கண்ணுல தற்செயலா பட்டது. இடம், வுட் பஃபலோ தேசியப் பூங்கா. ஆரன்ஸஸ்ல இருந்து ஏறக்குறைய 4,000 கிலோமீட்டர். அடுத்த வருஷம் ஆலன் பெரும்பாடுபட்டுத் தரைவழியா அங்க போய்ச் சேர்ந்தார்.

அந்தக் கூடுகள் இருந்தது 1922லேயே காட்டெருமைக்காகப் பாதுகாப்பாக அறிவிச்ச பூங்காவுக்குள்ள. வேற ஒரு மிருகத்துக்குப் போட்ட வேலி, யாருக்கும் தெரியாமலே இந்தப் பறவையையும் முப்பது வருஷம் காப்பாத்தியிருக்கு. இடம் தெரிஞ்சதால அடுத்த வேலை நடந்தது. ஹூப்பிங் கிரேன் பொதுவா ரெண்டு முட்டை இடும், பெரும்பாலும் ஒரு குஞ்சுதான் பிழைக்கும். அதனால 1967ல இருந்து ஒரு முட்டையை எடுத்துட்டுப் போய் மேரிலாண்ட்ல வளர்க்க ஆரம்பிச்சாங்க. இன்னைக்கு ஆரன்ஸஸ் பக்கம் குளிர்காலத்துக்கு வர்ற கூட்டம் மட்டும் 500ஐத் தாண்டிடுச்சு.

ராக்போர்ட் ஊரைப் பத்திப் பேசிட்டு கோனி ஹேகரை விட முடியாது. 1935ல அங்க குடிவந்த அம்மா. பறவையியல் பட்டம் கிடையாது. ஆனா தினமும் ஒரே பாதையில போய், பார்த்த பறவையை எல்லாம் நோட்டுல எழுதுவாங்க. அவங்க அனுப்பின குறிப்புகளைப் பார்த்த நிபுணர்கள், "இந்தப் பறவை எல்லாம் அங்க வர வாய்ப்பே இல்லை"ன்னு சந்தேகப்பட்டாங்க. நேர்ல வந்து அவங்க கூடவே நடந்து பார்த்துட்டு ஒத்துக்கிட்டாங்க. 1973ல இறக்கிற வரைக்கும் ராக்போர்ட்தான் அவங்க ஊர். அந்த ஊர் பறவை பார்க்கிறவங்களோட ஊரா ஆனதுக்கு அந்த நோட்டுகளும் ஒரு காரணம். நம்ம வேலையில லாக் ஃபைலுக்கு என்ன மதிப்போ அதே மதிப்புதான். அன்னைக்கு யாரும் படிக்க மாட்டாங்க. பிரச்சினை வந்த அன்னைக்கு அதுதான் சாட்சி.

சொல்லலாமா, வேண்டாமா?

இப்ப கேள்விக்கு வருவோம். கூடு இருக்கிற இடம் தெரிஞ்சதால ஹூப்பிங் கிரேன் பிழைச்சது. ஆனா எதிர் உதாரணமும் இருக்கு. கலிஃபோர்னியாவுல ஹைப்பீரியன்னு ஒரு ரெட்வுட் மரம். 115 மீட்டருக்கு மேல, உலகத்துலயே உயரமானது. 2006ல கண்டுபிடிச்சப்ப இடத்தை வெளியில சொல்லலை. பாதை கிடையாது, பலகை கிடையாது. ஆனா ஆயத்தொலைவு இணையத்துல கசிஞ்சது. ஆளாளுக்குப் புதரை மிதிச்சுப் புதுப்பாதை போட்டாங்க. மரத்தடியில பெரணிச் செடி வளராத அளவுக்கு மண் இறுகிப்போச்சு. 2022ல அந்தப் பகுதியையே மூடிட்டாங்க. மீறினா 5,000 டாலர் வரைக்கும் அபராதம், ஆறு மாசம் வரைக்கும் சிறை.

மரத்தை யாரும் வெட்டலை, கீறலை. ஆசையா பார்க்க வந்தவங்க காலடியே கெடுத்தது. மரத்தோட மெல்லிய வேர்கள் மேல்மண்ணுலதான் இருக்கும். மண் இறுகினா காத்தும் தண்ணியும் உள்ள இறங்காது. அழியற நிலையில இருக்கிற சில பறவைகளை ஈபேர்ட்ல பதிவு செஞ்சா சரியான இடத்தை அந்தத் தளம் மறைச்சுடறதும் இதே பயத்தாலதான்.

அப்ப எல்லாத்தையும் ரகசியமா வெச்சுக்கிட்டா போதுமா? பிக் ட்ரீயைப் பாருங்க. அதோட முகவரி ஊரறிஞ்ச விஷயம். தெருப்பலகை இருக்கு, வண்டி நிறுத்த இடம் இருக்கு. அதைக் காப்பாத்தறது ரகசியம் இல்லை, சுத்தி இருக்கிற சாதாரண வேலி. "இதுவரைக்கும் வா, இதுக்கு மேல வேண்டாம்"னு தெளிவா சொல்லுது. ஹைப்பீரியனுக்கு ரகசியம் மட்டும்தான் இருந்தது. அது ஒரு தடவை கசிஞ்சதும் கையில வேற எதுவும் மிச்சம் இல்லை. கம்ப்யூட்டர் பாதுகாப்புல நாங்க அடிக்கடி சொல்ற விஷயம் இது. மறைச்சு வெச்சதை மட்டும் பூட்டா நம்பக் கூடாது.

லெட்டர்பாக்ஸிங் ஆட்கள் இதை அனுபவத்துல புரிஞ்சுக்கிட்டவங்கன்னு நான் நினைக்கிறேன். டார்ட்மூர்ல கல் வட்டத்தை விட்டுத் தள்ளி வைக்கணும்னு அவங்க ஒத்துக்கிட்டது ஒரு வேலிதான், கம்பி இல்லாத வேலி. ஒரு பழைய ஓக் மரத்தைத் துப்புல சொல்லணுமா? தாராளமா சொல்லலாம். மரத்துல இருந்து திசை பார்க்கச் சொல்லுங்க, அடி எண்ணச் சொல்லுங்க. டப்பா மட்டும் அதோட வேர்ல வேண்டாம், பொந்துல வேண்டாம். பாதை ஓரமா, பூங்கா நிர்வாகத்துகிட்ட அனுமதி வாங்கின இடத்துல இருக்கட்டும். வர்றவங்க மரத்தைப் பார்ப்பாங்க, அதைச் சுத்தி மிதிக்க மாட்டாங்க.

ஹூஸ்டன்ல இருக்கிற நம்ம நேயர்கள் நிறைய பேர் எழுதறீங்க. உங்களுக்கு ராக்போர்ட் ஏறக்குறைய மூணு மணி நேர டிரைவ். நவம்பர்ல இருந்து மார்ச்சுக்குள்ள போனா கிரேன் கண்ணுல பட நல்ல வாய்ப்பு. பைனாகுலர் எடுத்துட்டுப் போங்க, வண்டியை ரோட்டோரமா நிறுத்தி, அங்க இருந்தே பாருங்க. வேலிக்கு வெளியில நின்னு மரத்தைப் பாருங்க. முடிஞ்சா ஒரு சின்ன நோட்டுல தேதி போட்டு, என்ன பார்த்தீங்கன்னு எழுதி வைங்க.